54,854 குழந்தைகள்: பாலின அடையாளத்தைக் கணக்கெடுப்பது ஏன் இவ்வளவு கடினம்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் என்ற இரண்டு குறியீடுகளுக்குப் பக்கத்தில் முதன்முறையாக ‘மற்றவர்’ என்று மூன்றாவது ஒன்று சேர்ந்தது. நாடு முழுக்க 4,87,803 பேர் அதில் பதிவானார்கள். தமிழ்நாட்டில் 22,364 பேர். திருநங்கைகள், திருநம்பிகள் உள்ளிட்ட திருநர்களைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும், எந்தத் திட்டம் போட்டாலும் இந்த எண்ணைத்தான் எடுத்து வைக்கிறார்கள். ஆனால் அதே அட்டவணையில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. அந்த 4,87,803 பேரில் 54,854 பேர், பிறந்த குழந்தை முதல் ஆறு வயது வரை உள்ளவர்கள்.

கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். கணக்கெடுப்பாளரிடம் இரண்டு வயதுக் குழந்தை பதில் சொல்லாது. அம்மாவோ அப்பாவோதான் சொல்கிறார்கள். ஊடுபால் உடற்கூறோடு, அதாவது ஆண் உடல், பெண் உடல் என்ற வழக்கமான வரையறைக்குள் அடங்காத உடலமைப்போடு பிறந்த குழந்தைகள் சிலர் இதில் இருக்கலாம். ஆனால் ஐம்பதாயிரத்துக்கு மேல்? அன்றைய இந்தியாவின் மொத்த மக்கள்தொகையில் இந்த வயதுக் குழந்தைகள் நூற்றுக்கு 13, 14 பேர். ‘மற்றவர்’ கட்டத்தில் அவர்கள் நூற்றுக்கு 11 பேர். இரண்டும் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன, பாருங்கள். கை தவறித் தப்பான குறியீட்டை எழுதுவது என்பது வயது பார்த்து நடக்காது. அப்படித் தவறி விழுந்தவர்களை மட்டும் தனியே திரட்டினால், அதில் குழந்தைகளின் பங்கு ஊரில் உள்ள பங்கைப் போலவே இருக்கும். அதனால் இந்த எண்ணில் கணிசமான பகுதி எழுதுபிழையாக இருக்கலாம் என்று நான் நினைக்கிறேன். இது என் கணிப்புதான். ஆனால் கணக்கு அந்தப் பக்கம்தான் கை காட்டுகிறது.

அதே நேரத்தில் இன்னொன்றும் உண்மை. வீட்டை விட்டு வெளியேறிய திருநங்கைகள், வீட்டுக்குள்ளேயே மகன் என்றோ மகள் என்றோ பழைய பெயரில் பதிவானவர்கள், பயந்து சொல்லாமல் விட்டவர்கள் என்று ஏராளமானோர் அந்தக் கட்டத்துக்குள் வரவே இல்லை. அப்படியானால் 4,87,803 என்பது கூடுதலான எண்ணா, குறைவான எண்ணா? இரண்டும்தான். வரக்கூடாதவர்கள் உள்ளே வந்தார்கள், வரவேண்டியவர்கள் வெளியே நின்றார்கள். பாலின அடையாளத்தை அளப்பதில் உள்ள சிக்கல் முழுவதும் இந்த ஓர் எண்ணுக்குள் அடங்கிவிடுகிறது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் மெல்லப் பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

முதலில் எதை அளக்கிறோம்?

தமிழில் ‘பாலினம்’ என்ற ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் போட்டுவிடுகிறோம். விண்ணப்பப் படிவம், ரயில் டிக்கெட், மருத்துவமனைச் சீட்டு எல்லாவற்றிலும் அதே சொல். ஆய்வில் மட்டும் இதை மூன்றாகப் பிரித்தே ஆக வேண்டும்.

உடலை வைத்து, பிறந்தபோது ஆண் குழந்தை, பெண் குழந்தை என்று சொல்லிப் பதிவு செய்கிறார்களே, அது பால். சமூகத்தில் ஆணாகவோ பெண்ணாகவோ வாழ்வது, அப்படி நடத்தப்படுவது பாலினம். ‘நான் யார்’ என்று ஒருவர் தனக்குள் உணர்ந்து சொல்வது பாலின அடையாளம். பெரும்பாலானவர்களுக்கு இந்த மூன்றும் ஒரே கோட்டில் இருப்பதால் வித்தியாசமே தெரியாது. பிறப்பில் ஆண் என்று பதிவாகி, பெண்ணாகத் தன்னை உணர்பவர் திருநங்கை. பெண் என்று பதிவாகி, ஆணாக உணர்பவர் திருநம்பி. இரண்டு பெட்டிக்குள்ளும் தன்னை அடைக்க முடியாதவர்களை நான்-பைனரி என்கிறார்கள். பொதுச் சொல்லாகத் திருநர் என்கிறோம். யார்மீது ஈர்ப்பு வருகிறது என்பது முற்றிலும் வேறு விஷயம். அதற்குத் தனிக் கேள்வி வேண்டும்.

நடை, உடை, குணம் ஆகியவற்றை அளப்பதும் வேறுதான். 1974இல் சாண்ட்ரா பெம் என்ற அமெரிக்க உளவியலாளர் 60 குணங்களைக் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார். ஆண்மைக்குரியவை என்று சமூகம் நினைக்கும் குணங்கள் 20, பெண்மைக்குரியவை 20, பொதுவானவை 20. மிகவும் புகழ்பெற்ற கருவி. ஆனால் அதில் ஒரு பெண்ணுக்கு ‘ஆண்மை’ மதிப்பெண் அதிகமாக வந்தால் அவர் துணிச்சலானவர் என்று தெரியுமே ஒழிய, அவர் திருநம்பி என்று ஆகாது. இந்தக் குழப்பம் மாணவர்களின் ஆய்வேடுகளில்கூட வருகிறது.

இந்திய நிலைமை இதில் கூடுதல் சிக்கலானது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம், தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு (நால்சா) தொடுத்த வழக்கில், ஒருவர் தன் பாலினத்தைத் தானே சொல்லிக்கொள்ளும் உரிமையை ஏற்றுக்கொண்டது. ஆனால் 2019இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருநர் பாதுகாப்புச் சட்டத்தின் வரையறை திருநங்கை, திருநம்பி, ஊடுபால் உடற்கூறு உள்ளவர், ஹிஜ்ரா, அரவாணி போன்ற சமூக அடையாளங்கள் உள்ளவர் என எல்லாரையும் ஒரே பட்டியலுக்குள் கொண்டுவந்தது. உரிமை தருவதற்கு அகலமான பட்டியல் நல்லதுதான். அளப்பதற்கு அது உதவாது. ஊடுபால் என்பது உடலைப் பற்றியது, திருநங்கை என்பது அடையாளம், ஹிஜ்ரா என்பது ஓரளவு, ஒரு சமூகமாகச் சேர்ந்து வாழும் வாழ்முறையும்கூட. மூன்றையும் ஒரே கட்டத்தில் போட்டு எண்ணினால் வரும் தொகை எதைச் சொல்கிறது?

ஒரே கேள்வி போதுமா?

நம் படிவங்களில் வழக்கமாக இருப்பது இதுதான்: ஆண் / பெண் / மூன்றாம் பாலினம். சில படிவங்களில் மூன்றாவது கட்டத்தில் ‘திருநங்கை’ என்று மட்டும் இருக்கும்.

இப்போது ஒரு திருநங்கை இதை நிரப்புகிறார். பல ஆண்டுகளாகப் பெண்ணாக வாழ்கிறவர். ஆதாரிலும் பெண் என்று மாற்றிவிட்டார். அவர் ‘பெண்’ என்று டிக் செய்கிறார். அவர் தவறாக ஒன்றும் சொல்லவில்லை, அவர் பெண்தான். ஆனால் ஆய்வாளரின் கணக்கில் ஒரு திருநர் குறைந்துவிட்டார். அடுத்து ஒரு திருநம்பி வருகிறார். ‘திருநங்கை’ என்ற கட்டத்தில் அவருக்கு இடமே இல்லை. அவரும் ‘ஆண்’ என்று டிக் செய்துவிட்டுப் போகிறார். ‘மற்றவர்’ என்ற சொல்லைப் பார்த்ததுமே மனம் சுருங்கிப் போகிறவர்களும் உண்டு. நாம் எல்லாரும் ஒரு பக்கம், மிச்சம் மீதி எல்லாம் இன்னொரு பக்கம் என்றல்லவா அந்தச் சொல் சொல்கிறது?

பக்கத்து நாடுகளைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். பாகிஸ்தானின் 2017 கணக்கெடுப்பின் முதற்கட்ட முடிவுகளில் திருநர் 10,418 பேர். மொத்த மக்கள்தொகை 20 கோடிக்கு மேல். வங்கதேசத்தின் 2022 கணக்கெடுப்பின் முதற்கட்ட முடிவுகளில் ஹிஜ்ரா 12,629 பேர். அங்கெல்லாம் திருநர்கள் உண்மையிலேயே இவ்வளவு குறைவு என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. வீட்டு வாசலில் நின்று, எல்லார் முன்னாலும், ஒரு குறிப்பிட்ட சமூகத்தின் பெயரைச் சொல்லி ‘நீங்கள் அதுவா’ என்று கேட்டால், ஏற்கெனவே வெளிப்படையாக அந்த வாழ்க்கையை வாழ்கிறவர்கள் மட்டும்தான் தலையாட்டுவார்கள்.

ஆஸ்திரேலியா வேறு விதமாகச் சறுக்கியது. 2021 கணக்கெடுப்பில் ‘பால்’ பற்றிய கேள்வியிலேயே ஆண், பெண், நான்-பைனரி பால் என்று மூன்று விடைகள் வைத்தார்கள். 43,220 பேர் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். கேள்வி உடலைப் பற்றியதா, அடையாளத்தைப் பற்றியதா என்பது ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி புரிந்தது. கடைசியில் அந்த நாட்டுப் புள்ளியியல் அமைப்பே, இதை வைத்துப் பாலினப் பன்மையை அளக்க முடியாது என்று சொல்லிவிட்டது.

இங்கிலாந்தில் நடந்தது

இந்தத் துறையில் புதிதாக நுழைகிற எவரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை, இங்கிலாந்து மற்றும் வேல்ஸின் 2021 கணக்கெடுப்பு. பாலின அடையாளம் பற்றி அங்கே முதன்முறையாகக் கேட்டார்கள். 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். விருப்பமிருந்தால் பதில் சொல்லலாம். அந்தக் கேள்வியைத் தமிழில் கூடியவரை நெருக்கமாகச் சொன்னால் இப்படி வரும்:

‘நீங்கள் உங்களை அடையாளப்படுத்திக்கொள்ளும் பாலினமும், பிறப்பில் பதிவான உங்கள் பாலும் ஒன்றேதானா?’

விடைகள் இரண்டு: ஆம், இல்லை. இல்லை என்றால் பக்கத்தில் உள்ள கட்டத்தில் உங்கள் பாலின அடையாளத்தை எழுதுங்கள்.

94 சதவீதம் பேர் பதில் சொன்னார்கள். தயக்கமான ஒரு கேள்விக்கு இது பெரிய விஷயம். 2,62,000 பேர் ‘இல்லை’ என்றார்கள், அது 0.5 சதவீதம். அதில் திருநம்பி என்று எழுதியவர்கள் 48,000, திருநங்கை என்று எழுதியவர்கள் 48,000, நான்-பைனரி என்றவர்கள் 30,000. எல்லாரும் பாராட்டினார்கள்.

அப்புறம் ஊர்வாரியான பட்டியல் வந்தது. பிரிட்டனில் பால்புதுமையர் (தன்பாலீர்ப்பினர், திருநர் முதலானோர்) சமூகத்துக்குப் பேர்போன ஊர் பிரைட்டன். பட்டியலில் அதுதான் முதலில் வரும் என்று யாரும் எதிர்பார்ப்பார்கள். முதலில் வந்தது லண்டனின் நியூஹாம், 1.5 சதவீதம். அடுத்தது லண்டனின் பிரென்ட், 1.3 சதவீதம். நம்மவர்கள் நிறைய வசிக்கும் ஈஸ்ட் ஹாம் இருப்பது நியூஹாமில். வெம்பிளி இருப்பது பிரென்டில். உலகின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்தவர்கள் வாழும் பகுதிகள் அவை. ஆக்ஸ்போர்ட் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் மைக்கேல் பிக்ஸ் இதைச் சுட்டிக்காட்டினார். ஆங்கிலம் சரியாகப் பேச வராதவர்களிடையே ‘இல்லை’ என்ற பதில் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது.

மேலே உள்ள கேள்வியை மறுபடி ஒரு முறை படித்துப் பாருங்கள். தாய்மொழியிலேயே நமக்கு ஒரு நொடி தடுமாறுகிறது. இரண்டு பொருள்களை ஒப்பிடச் சொல்கிறது; இரண்டுமே நாம் அன்றாடம் பேசாத சொற்கள்; ஒப்பிட்ட பிறகு ஒன்றா வேறா என்று முடிவு செய்யச் சொல்கிறது. பாதி புரிந்த மொழியில், நீண்ட படிவத்தின் நடுவில், வேலை முடிந்து வந்த களைப்பில் இதைப் படிக்கிறவர் ‘இல்லை’ என்று போட்டுவிட்டால் அவரை எப்படிக் குறை சொல்வது?

‘இல்லை’ என்றவர்களில் 1,18,000 பேர் பக்கத்துக் கட்டத்தில் எதையுமே எழுதவில்லை. கிட்டத்தட்டப் பாதிப் பேர். அவர்களில் எழுத விரும்பாத திருநர்கள் எத்தனை பேர், கேள்வி புரியாதவர்கள் எத்தனை பேர் என்பதைப் பிரிக்க வழி கிடையாது. 2023 நவம்பரில் அந்த நாட்டின் தேசியப் புள்ளியியல் அலுவலகமே, சிலர் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம் என்பதோடு இந்தப் போக்குகள் ஒத்துப்போகின்றன, ஆனால் உறுதியாக நிரூபிக்க முடியாது என்றது. 2024 செப்டம்பரில் அந்தப் புள்ளிவிவரத்தின் அங்கீகாரத் தகுதி நீக்கப்பட்டு, ‘வளர்ச்சி நிலையில் உள்ள புள்ளிவிவரம்’ என்று வகை மாற்றப்பட்டது.

இதை வைத்துக்கொண்டு, திருநர்கள் அவ்வளவு பேர் இல்லவே இல்லை என்று பேசியவர்களும் உண்டு. அது நியாயமில்லை. ஸ்காட்லாந்தின் 2022 கணக்கெடுப்பு வேறு மாதிரி கேட்டது: ‘நீங்கள் உங்களைத் திருநராகக் கருதுகிறீர்களா, அல்லது திருநர் பின்னணி உங்களுக்கு உண்டா?’ நேரடியான கேள்வி. 19,990 பேர், அதாவது 0.44 சதவீதம் பேர், ஆம் என்றார்கள். 0.5க்கும் 0.44க்கும் பெரிய தூரம் இல்லை. ஆகவே இங்கிலாந்தின் மொத்த எண் உண்மைக்குப் பக்கத்தில்கூட இருக்கலாம். தவறி உள்ளே வந்தவர்களும், பதிலே சொல்லாமல் விட்ட 29 லட்சம் பேருக்குள் ஒளிந்திருப்பவர்களும் ஒருவரை ஒருவர் ஈடுகட்டியிருக்கலாம். ஆனால் எந்த ஊரில், எந்த வயதில், எந்த மொழி பேசுகிறவர்களிடையே என்று உள்ளே போனால் அந்த எண்ணை நம்பிக் காலை வைக்க முடியாது. ஒரு மருத்துவமனையை எங்கே திறப்பது என்று முடிவு செய்ய வேண்டியவருக்குத் தேவை இந்த உள்கணக்குதான்.

கணக்கு ஏன் இப்படிக் கவிழ்கிறது?

சின்னப் பிழை எப்படி இவ்வளவு பெரிதாகிறது? பள்ளிக் கணக்குதான். பொறுமையாகப் போட்டுப் பார்ப்போம்.

ஓர் ஊரில் ஒரு லட்சம் பேர். அதில் 500 பேர் திருநர், 99,500 பேர் மற்றவர்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லாரிடமும் ஆம், இல்லை என்று ஒரு கேள்வி. இருநூறு பேரில் ஒருவர் கை தவறியோ புரியாமலோ தப்பான கட்டத்தில் டிக் போடுகிறார். இருநூறில் ஒன்று என்பது மிகச் சிறிய தவறு. எந்த ஆய்விலும் இது நடக்கும்.

500 திருநர்களில் இப்படித் தவறுகிறவர்கள் இரண்டு மூன்று பேர். 99,500 பேரில் தவறுகிறவர்கள் கிட்டத்தட்ட 498 பேர். ஆக, ‘திருநர்’ என்ற கட்டத்தில் விழுவது சுமார் 995 பேர். அதில் பாதிப் பேர் திருநர்களே இல்லை!

இப்போது அந்த 995 பேரின் சராசரி வருமானத்தைக் கணக்கிடுகிறோம். படிப்பைக் கணக்கிடுகிறோம். வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை என்று எத்தனை பேர் சொன்னார்கள் என்று பார்க்கிறோம். வருவது எல்லாமே பாதித் திருநர்களும் பாதி வழக்கமான குடும்பத்தினரும் கலந்த சராசரி. வீடு கிடைக்காமல் அலைகிற திருநங்கையின் துயரம் பக்கத்தில் தவறி விழுந்தவரின் சொந்த வீட்டோடு சேர்ந்து பாதியாகக் கரைந்துவிடுகிறது. ‘இவர்கள் நிலைமை ஒன்றும் அவ்வளவு மோசமில்லையே’ என்று அறிக்கை எழுதப்படும். எண்ணிக்கை கூடிப் போவதைவிட எனக்கு அதிகம் வலிப்பது இதுதான்.

இது திருநர்களுக்கு மட்டும் உள்ள சிக்கல் அல்ல. மக்கள்தொகையில் மிகச் சிறிய எந்தக் குழுவை அளந்தாலும் இதே கதைதான். பெரிய கூட்டத்தின் சின்னத் தவறு, சின்னக் கூட்டத்தை மூழ்கடித்துவிடும். அதனால்தான் இப்படிப்பட்ட கேள்வியைத் திருநர்களுக்குப் புரிகிறதா என்று சோதித்தால் மட்டும் போதாது. திருநர் என்ற சொல்லையே கேள்விப்படாத ஒருவருக்கும் அது புரிய வேண்டும்.

இரண்டு படியாகக் கேட்பது

இப்போது பரவலாக ஏற்கப்படும் வழி, ஒப்பிடும் வேலையைப் பதில் சொல்பவரிடம் விடாமல் ஆய்வாளரே எடுத்துக்கொள்வது. முதலில் பிறப்பில் என்ன என்று பதிவானது எனக் கேட்கிறார்கள். அடுத்து, இப்போது உங்கள் பாலினம் என்ன என்று கேட்கிறார்கள். இரண்டு எளிய கேள்விகள். இரண்டு விடைகளும் வேறுபட்டால், அவர் திருநர் என்று பின்னால் மேசையில் உட்கார்ந்து கணக்கிட்டுக்கொள்ளலாம். ‘பெண்’ என்று மட்டும் டிக் செய்து நகர்ந்துவிடும் அந்தத் திருநங்கை இதில் விடுபட மாட்டார். இரண்டாவது கேள்விக்குப் பெண் என்று மட்டுமே அவர் சொன்னாலும் போதும். அமெரிக்காவின் தேசிய அறிவியல், பொறியியல், மருத்துவக் கழகங்கள் 2022இல் வெளியிட்ட அறிக்கையும் இந்த இரண்டு படி முறையைத்தான் பரிந்துரைத்தது.

கனடா 2021இல் நாடு முழுக்க இதைச் செய்தது. 15 வயதுக்கு மேற்பட்ட சுமார் 3.05 கோடிப் பேரில் 1,00,815 பேர், அதாவது ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவர். 59,460 பேர் திருநங்கைகளும் திருநம்பிகளும்; 41,355 பேர் நான்-பைனரி. கனடா செய்த இன்னொரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. சின்ன ஊர்களின் அட்டவணைகளில் நான்-பைனரியைத் தனிக் கட்டமாகப் போடாமல், ‘ஆண்கள்+’, ‘பெண்கள்+’ என்ற இரண்டுக்குள் பிரித்துச் சேர்த்தார்கள். முந்நூறு பேர் உள்ள கிராமத்தில் ‘நான்-பைனரி: 1’ என்று அச்சடித்தால் அந்த ஒருவர் யார் என்று மறுநாளே ஊருக்குத் தெரிந்துவிடும்.

இரண்டு படி முறையிலும் கை தவறும். முதல் கேள்வியில் ஆண் என்று போட்டுவிட்டு, இரண்டாவதில் தவறிப் பெண் என்று போட்டால் கணக்கில் ஒரு திருநங்கை பிறந்துவிடுவார். அதனால் சில ஆய்வுகளில், விடைகள் வேறுபடும்போது மட்டும் மூன்றாவதாக ஓர் உறுதிக் கேள்வி வரும்: ‘பிறப்பில் ஆண் என்றும் இப்போது பெண் என்றும் குறித்திருக்கிறீர்கள். சரிதானா?’ இந்த ஒரு வரி நிறையத் தவறுகளைத் துடைத்துவிடும். இன்னொரு குறையும் உண்டு. பழைய அடையாளத்தை முதல் கேள்வியிலேயே தோண்டுவது சிலருக்கு வலிக்கும். மறந்துவிட நினைக்கிற ஒன்றை அந்நியர் ஒருவர் வந்து கேட்கிறார். எனவே ‘சொல்ல விருப்பமில்லை’ என்ற விடை பெயருக்காக இல்லாமல் உண்மையாகவே இருக்க வேண்டும். அதைத் தேர்ந்தவரைத் திரும்பத் திரும்ப நச்சரிக்கக் கூடாது.

அதைவிட முக்கியமாக, இதை எதற்குக் கேட்கிறோம் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை பற்றிய ஆய்வென்றால் கருப்பை இருக்கிறதா என்றே கேட்டுவிடலாம். அது திருநம்பிக்கும் பொருந்தும். வேலையில் பாகுபாடு பற்றிய ஆய்வென்றால், மற்றவர்கள் உங்களை என்னவாகப் பார்க்கிறார்கள் என்பதுதான் தேவை. குடிநீர் பற்றிய ஆய்வில் பிறப்பில் என்ன பதிவானது என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

யார் கேட்கிறார், யார் பக்கத்தில் நிற்கிறார்

நம் ஊரில் கணக்கெடுப்பு என்பது வாசலில் நடக்கிறது. ஒருவர் சொல்ல, வீட்டில் உள்ள எல்லாருக்குமான பதிலும் எழுதப்படுகிறது. “பையன் ஒருத்தன், பொண்ணு ஒருத்தி” என்று அம்மா சொல்கிறார். அந்தப் ‘பையன்’ கதவுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டு நிற்கிறார். எவ்வளவு அழகான கேள்வி எழுதியிருந்தாலும் இந்த இடத்தில் அதற்கு வேலை இல்லை.

பதினெட்டு வயது நிரம்பிய ஒவ்வொருவரும் தனக்கான பதிலைத் தானே தர வேண்டும். டேப்லெட்டைக் கையில் கொடுத்து, அவரே தொட்டுப் பதில் சொல்லும்படி செய்யலாம். படிக்கத் தெரியாதவர்களுக்கு, ஹெட்போனில் கேள்வி ஒலிக்க, திரையில் வண்ணக் கட்டத்தைத் தொட்டால் போதும் என்ற முறையும் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவருக்குக் கேள்வியும் தெரியாது, பதிலும் தெரியாது.

கேள்வியின் தமிழும் வீட்டுத் தமிழாக இருக்க வேண்டும். அறுபத்தெட்டு வயதுப் பாட்டி ஒருவரிடம், கணக்கெடுக்க வந்த ஒரு தம்பி, ‘பிறப்புச் சான்றிதழில் பதிவான உங்கள் பால் என்ன?’ என்று படிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம்.

“எனக்கு ஏது தம்பி சர்டிபிகேட்டு? நான் பொறந்ததே வயக்காட்டுல.”

அவர் சொல்வது சரி. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டமே 1969இல் வந்ததுதான். அமெரிக்காவில் ‘உங்கள் பிறப்புச் சான்றிதழில்’ என்று கேட்பது பொருந்தும். அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தால் பாட்டியிடம் செல்லாது. தம்பி தாளை மடித்துவிட்டு, தானாகவே வேறு மாதிரி கேட்கிறான்.

“பாட்டி, நீங்க பொறந்தப்போ வீட்ல என்ன குழந்தைன்னு சொன்னாங்க? ஆம்பளப் பிள்ளையா, பொம்பளப் பிள்ளையா?”

“பொம்பளப் பிள்ளைதான். நாலாவதும் பொண்ணான்னு எங்க அப்பத்தா மூஞ்சத் திருப்பிக்கிட்டுப் போயிருச்சாம்.”

“சரி பாட்டி. இப்போ உங்களை நீங்க எப்படிச் சொல்லுவீங்க? ஆண், பெண், திருநங்கை, திருநம்பி, இல்ல வேற மாதிரியா?”

“இதென்ன கேள்வி? பெண்ணுதான்.”

இரண்டு கேள்வி, அரை நிமிடம், குழப்பம் எதுவும் இல்லை. அடுத்த அறையிலிருந்து பேரப்பிள்ளை வருகிறார், இருபத்திரண்டு வயது. தம்பி அதே இரண்டு கேள்விகளையும் டேப்லெட்டில் திறந்து அவர் கையில் கொடுத்துவிட்டு, நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு உட்காருகிறான். முதல் கேள்விக்கு ‘பெண்’. இரண்டாவதில் விரல் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறது. பிறகு ‘திருநம்பி’ என்ற கட்டத்தைத் தொடுகிறது. சரிதானா என்று திரை கேட்கிறது. சரி என்கிறார். அடுத்த கேள்வி வருகிறது: கடந்த ஆறு மாதத்தில் வேலை தேடினீர்களா?